எங்களுக்கு முன்னால் கிளம்பிய பை

கல்யாணமான முப்பத்தாறு வருடங்களில் நானும் என் மனைவியும் சேர்ந்து வெளியூர் போனது நாற்பத்தேழு தடவை. ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு இருபத்தொன்று, சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க பதினொன்று, கோயிலுக்குப் பதினைந்து. நான்காவதாக ஒரு தலைப்பு போட வேண்டிய தேவையே வரவில்லை. அதுவரை அது எனக்கு ஒரு குறையாகவும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஏப்ரல் மாதம், மூத்த பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வண்ணத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். சென்னைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் விளம்பரம். ராட்டினங்கள், வளைந்து வளைந்து இறங்கும் தண்ணீர்ச் சறுக்குகள், ஒரு பெரிய குளத்தில் இயந்திரம் வைத்து எழுப்பும் கடல் அலை. பேத்திகள் இருவரும் சறுக்குகளை எண்ணிப் பதினொன்று என்றார்கள். நான் எண்ணியதில் ஒன்பதுதான் வந்தது. என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலைப் படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தாள்.

“இந்த அலையில நான் ஒரு தடவ நிக்கணும்” என்றாள்.

“திருச்செந்தூர்ல இல்லாத அலையா?” என்றேன்.

“திருச்செந்தூர்ல நிக்க விட்டியளா? முங்குனது போதும், நடை சாத்திருவான், நடை சாத்திருவான்னு கரையில நின்னு வெரட்டுனிய. இத்தன கோயிலுக்குப் போயிருக்கேன், ஒரு எடத்துலயாவது ஆற அமர நின்னுருக்கேனா? ஒரே ஒரு ஊருக்கு, சாமி கும்பிடாம போயிட்டு வரணும்.”

மருமகள் அடுக்களையில் சிரித்தது கேட்டது. மகன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “அம்மா கேக்குததுல என்னப்பா தப்பு?” என்றான். தப்பு ஒன்றும் இல்லை. அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். தீபாவளிக்குச் சேலை எடுக்கும்போதும் மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, “எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு” என்பவள்.

ஓய்வுபெறும்வரை ஆற்றுத் தண்ணீரின் உயரத்தைத் தினமும் பதிவேட்டில் எழுதியவன் நான். அதனால் திட்டம் போடும் வேலை என்னிடம் வந்தது. நானாகப் பிடுங்கிக்கொண்டேன் என்பது மருமகளின் கட்சி.

போகிறவர்கள் ஆறு பேர். மகனுக்குக் கிடைத்த விடுப்பு ஐந்து நாள். ஆறு பேருக்கும் ரயிலில் படுக்கை இருந்தது மே மாதத்தில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. அதை விட்டால் பள்ளிக்கூடம் திறக்கிறவரை இடம் இல்லை என்று முன்பதிவு ஜன்னலில் இருந்தவர் நான் மூன்றாவது தடவை கேட்டபோது எரிச்சலோடு சொன்னார். பெரிய சறுக்கில் இன்ன உயரத்துக்குக் குறைந்தவர்களை ஏற்றமாட்டார்கள் என்று தாளில் போட்டிருந்ததால் சின்னப் பேத்தியைச் சுவரோடு நிறுத்தி அளந்தேன். காலையில் அளந்தபோது சரியாக இருந்தது. சாயங்காலம் அளந்தால் அரை விரல்கடை குறைந்தது. மறுநாளும் அப்படியே. ஆகவே சறுக்கு விளையாட்டை மத்தியானத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று நோட்டில் எழுதினேன். வழிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி அறுபது, முறுக்கு ஒரு டின். மெட்ராஸ் தண்ணீர் நமக்கு ஒத்துக்கொள்ளாது, எனவே தாமிரபரணித் தண்ணீர் மூன்று கேன். மூட்டை ஐந்துக்கு மேல் போகக் கூடாது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது என் மனைவி காலண்டருக்கு எதிரே போய் நின்றாள்.

“செவ்வாய்க்கிழமை வடக்க சூலம்லா?” என்றாள்.

சென்னை எங்களுக்கு வடக்கே. செவ்வாயும் புதனும் வடக்கே போகக் கூடாத நாள்கள். ரயில் அதிகாரிகள் இதையெல்லாம் பார்த்து வண்டி விடுவதில்லை என்றேன். சாமி கும்பிடாத பயணத்துக்குச் சூலம் மட்டும் எதற்கு என்றும் கேட்டேன்.

“சாமி வேற, சூலம் வேற” என்றாள்.

“பால் குடிச்சிட்டுப் போனாப் போதும்னு காலண்டர்லயே பரிகாரம் போட்டிருக்கு.”

“அது அவசரத்துக்குப் போறவுகளுக்கு. நாம ஒரு மாசமா நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கோம். நமக்கென்ன அவசரம்?”

கடைசியில் பரஸ்தானம் வைப்பது என்று முடிவானது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில், நாம் கொண்டுபோகப்போகிற சாமான் ஒன்றை, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்புகிற அன்று அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

எங்கள் வீடு இருந்த டவுனிலிருந்து வடக்கே தச்சநல்லூரில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, ராகு காலம் சாயங்காலம்தான் என்று உறுதி செய்துகொண்டபின், என் மனைவி தயாராக வைத்திருந்த சிறிய ரெக்ஸின் பையோடு நான் பஸ் ஏறினேன். உள்ளே என் புது வேட்டியும், விரலி மஞ்சள் ஒன்றும், ஒரு கைப்பிடி அரிசியும் இருப்பதாகச் சொன்னாள்.

நண்பர் பையை வாங்கிக்கொண்டு சிரித்தார். “என்னவே, மில்லிமீட்டர் கணக்குல ஆத்தை அளந்தவரு சூலத்துக்குப் பயந்துட்டீரா?”

“நானா பயந்தேன்? அவ பயப்படுதா.”

“அப்பம் சரி. அவ பயந்தா நீரும் பயந்துதான் ஆகணும்.”

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு டிக்கெட்டைத் தேடினேன். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். வாங்கிய நாளிலிருந்து தினமும் எடுத்து ஆறு பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவந்தேன். “அப்பா, நீங்க பாத்துப் பாத்தே எழுத்து அழிஞ்சிரும்” என்று மகன் சனிக்கிழமை கண்டித்ததால் இரண்டு நாளாக எடுக்கவில்லை. முதலில் பீரோவில் வைத்திருந்தேன். அங்கே பேத்திகள் கைவைக்கிறார்கள் என்று சாமி படத்துக்குப் பின்னால் மாற்றினேன். அங்கே பல்லி நடமாட்டம். அதனால் வெள்ளிக்கிழமை, யாரும் தொடமாட்டார்கள் என்று, என் புது வேட்டியின் மடிப்புக்குள் வைத்திருந்தேன்.

புது வேட்டி தச்சநல்லூரில் இருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. பேட்டரி செல் வாங்கிவருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ரயில் சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு. நேரம் நிறைய இருந்தது. ஆனால் நண்பர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு ரயிலும் பூங்காவும் நினைவுக்கு வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் அந்த அலைப் படத்தைப் பார்த்ததுதான் வந்தது. அவள் கேட்டது இந்த ஒன்றுதான். அதையும் நானே மடித்து வைத்துக் கெடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். “யாரத் தேடுதிய? அவுக நேத்தே சாத்தான்குளத்துக்குப் போயிட்டாகளே. தங்கச்சி வீட்டுல விசேஷம். நாளைக்குத்தான் வருவாக.”

“ஒரு பை வச்சிருந்தேன்...”

“ஓ, ரயிலுக்குப் போற அண்ணாச்சி நீங்கதானா? பை எங்கிட்டல்லா இருக்கு. கெளம்புன பையைப் பூட்டுன வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு எங்கிட்டத் தந்துட்டுத்தான் போனாக. உள்ள வாங்க.”

கூடத்தில் ஒரு மணைப் பலகைமேல் பை மரியாதையாக உட்கார்ந்திருந்தது. வேட்டியை உதறினேன். டிக்கெட் விழுந்தது. ஆறு பெயரும் இருந்தன. அந்த அம்மாள் ஒரு செம்பு தண்ணீர் தந்தாள்; ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“எங்க கொண்டு போறீய? வீட்டுக்கா?” என்றாள். “கெளம்புன பை வீடு திரும்புனா பயணம் நின்னுபோச்சுன்னு அர்த்தம்லா?”

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் என் மனைவியை எனக்குத் தெரியும். ஒருதடவை கோவில்பட்டிக் கல்யாணத்துக்குக் கிளம்பித் தெருமுனை போனதும், நான் சீப்பு எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன். அவளும் பின்னாலேயே வந்து, பையை இறக்கிவிட்டு, உலை வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு நான் மட்டும்தான் போனேன். பையை மறுபடி பலகைமேல் வைத்துவிட்டு, அந்தத் தெருமுனையில் இருந்த போன் பூத்துக்குப் போய் எங்கள் எதிர் வீட்டுக்குப் போன் போட்டு, அவளைக் கூப்பிடச் சொன்னேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“பை இப்பம் எங்கன இருக்கு?” என்றாள்.

“அங்கனதான். பலகைமேல.”

“நீங்களும் அங்கனயே இருங்க. இங்க வராதீய.”

“டிக்கெட்ட மட்டும் எடுத்துக்கிட்டு...”

“டிக்கெட்டும் பையிலதான இருந்துச்சு? ஒண்ணும் எடுக்க வேண்டாம். சாயங்காலம் பையோட நேரா ஸ்டேஷனுக்கு வந்துருங்க. நாங்க வந்துருதோம்.”

“இட்லி அறுபது. மூட்டை அஞ்சு. மூணு கேன்லயும் மூடி இறுக்கமா...”

“எனக்கும் எண்ணத் தெரியும்” என்று போனை வைத்துவிட்டாள்.

காலை ஒன்பதரை முதல் சாயங்காலம் நாலரை வரை ஏழு மணி நேரம், முன்பின் தெரியாத ஒரு வீட்டில், ஒரு பைக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் மத்தியானம் புளிக்குழம்பும் அவியலும் போட்டாள். “இன்னுங் கொஞ்சம் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி, உங்க பை வந்ததுலேருந்து என் வீட்டுக்கு விருந்தாளி வந்தமாதிரி இருக்கு” என்றாள். சாப்பிட்டபின் நினைவுபடுத்த வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினேன். பதினான்கு வந்தது. இரண்டு மணிக்கு மறுபடியும் எதிர் வீட்டுக்குப் போன் போட்டேன்.

எதிர் வீட்டுக்காரர் என்னை முடிக்க விடவில்லை. “அண்ணாச்சி, அவுகளக் கூப்பிடுததுக்கு எனக்கு மனசு வரல. ஒங்க வீட்டுச் சிரிப்புச் சத்தம் இங்கன வரைக்கும் கேக்கு. நீங்க இல்லன்னு யாரும் கவலப்பட்டமாதிரி தெரியல.”

முதலில் சுருக்கென்று இருந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அவர் சொன்னதை மறுபடி நினைத்தபோது, அந்தச் சிரிப்பில் யார் யார் குரல் இருந்திருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. பேத்திகள் சிரிப்பது தெரிந்ததுதான். மருமகளும் சிரிப்பாள். என் மனைவி எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் அவர்கள் வந்து இறங்கியபோது மூட்டை ஏழு இருந்தது. ஒரு தலையணை, கயிறு போட்டுக் கட்டிய ஒரு காற்றடைத்த வாத்து. இதெல்லாம் என் நோட்டில் கிடையாது. வாயைத் திறந்தேன். என் மனைவி தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். என் கையிலிருந்த பையைத்தான் முதலில் பார்த்தாள், அப்புறம் என்னை. “சாப்பிட்டியளா?” என்றாள். புளிக்குழம்பு என்றேன். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பூங்காவின் அலைக்குளத்தில் நின்றோம். சங்கு ஊதினால் அலை வரும், கால் மணி நேரம் அடித்துவிட்டு அடங்கும், மறுபடி சங்கு ஊதும்வரை குளம் வெறும் தண்ணீராகக் கிடக்கும். பேத்திகள் மருமகளோடு சறுக்குப் பக்கம் ஓடிவிட்டார்கள். மகன் அவர்கள் பின்னால். நான் கரையில் செருப்புகளுக்குக் காவல். அவள் சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில், அலை வருகிற திசையைப் பார்த்து நின்றாள். முதல் அலைக்குப் பயந்து பின்வாங்கினாள். இரண்டாவதுக்கு அசையவில்லை. அடங்கியபோதும் வெளியே வரவில்லை, அடுத்த சங்குக்காக அங்கேயே நின்றாள்.

மதியச் சாப்பாட்டுக் கூடம் இரண்டு மணிக்கு மூடிவிடும் என்று வாசலில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் வந்திருந்தேன். மணி ஒன்றரை ஆனது. ஒன்றே முக்கால் ஆனது. அவள் ஒருதடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் கூப்பிடப்போகிறேன் என்று நினைத்து.

“நில்லு, நில்லு” என்றேன். “பைய வா, ஒண்ணும் அவசரமில்ல.”

மீதமிருந்த முறுக்கை எல்லோரும் ஈரக் கையோடு மூன்று மணிக்குச் சாப்பிட்டோம்.