பிள்ளையார் சுழி ஃபோல்டர்

எனக்குக் கைராசி கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என் அக்கா வீட்டுக்காரர் சொன்னார். சிதம்பரத்தில் ஓர் உரக்கடைக்குள், யூரியா மூட்டை எடுக்க வந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார். படித்து வாங்கிய பட்டத்தை அம்மா சட்டம் போட்டு வீட்டில் மாட்டி வைத்திருக்கிறாள். இந்தப் பட்டம் மட்டும் போகிற இடமெல்லாம் என்னோடு வருகிறது.

2008இல் எம்.சி.ஏ. முடித்த கையோடு, கடலூர் செம்மண்டலத்தில் அந்த அக்கா வீட்டுக்காரர், என் மாமா, நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். பாடம் எடுப்பேன், கெட்டுப்போன மெஷினைச் சரிசெய்வேன், மாமா ஆர்டர் பிடித்து வந்தால் புரோகிராம் எழுதுவேன். திருட்டு விண்டோஸ் வைத்திருக்கும் கடைகளில் சோதனை வருகிறது என்று கடலூர் முழுக்க ஒரு பேச்சு கிளம்பியிருந்த காலம் அது. மாமா பயந்துபோய், விண்டோஸுக்குப் பதிலாக எல்லா மெஷினிலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடச் சொன்னார். நான்தான் போட்டேன். சோதனைக்கு யாரும் வரவில்லை. லினக்ஸ் மட்டும் தங்கிவிட்டது, எனக்கும் அது பிடித்துப்போனது.

அந்த நேரத்தில்தான் உரக்கடை ஆர்டர் வந்தது. தலைமைக் கடை சிதம்பரத்தில், கிளைகள் பெண்ணாடத்திலும் திட்டக்குடியிலும். சரக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, பில் போடுவது எல்லாவற்றுக்கும் ஒரே புரோகிராம் வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"இது மட்டும் நல்லபடியா ஓடிடிச்சின்னா சிதம்பரத்துல நமக்கு ஒரு பிராஞ்ச் போடுறேன். நீதான் அதுக்கு இன்சார்ஜ். போர்டுலயே உன் பேரு இருக்கும்."

நான் அந்தப் போர்டை மனதுக்குள் அன்றைக்கே மாட்டிவிட்டேன். வீட்டில் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை என்பதை ஏதோ சலுகை தருவதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் பேர் போட்ட ஓர் இடம் இருந்தால் அந்தச் சலுகையை மறுக்க எனக்கு வாய் இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

புரோகிராமை லினக்ஸில் எழுதி முடித்தேன். லினக்ஸில் எழுதியதையே விண்டோஸிலும் ஓட வைக்கிற நிரல் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், ஒன்று உண்டு. பொத்தான், ஜன்னல், பட்டியல் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அதுவே பார்த்துக்கொள்ளும். நான் அதை நம்பித்தான் எழுதியிருந்தேன். விண்டோஸுக்குத் தயாராகக் கிடைத்த பதிப்பில் மட்டும் கணக்குகளைச் சேமிக்கிற டேட்டாபேஸோடு பேசுகிற பகுதி இல்லை. ஆகவே மூல நிரலை எடுத்துப் போய், விண்டோஸ் மெஷினிலேயே முழு லைப்ரரியையும் காம்பைல் செய்து, அதாவது மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி, பிறகு நிறுவ வேண்டும். எங்களிடம் விண்டோஸ் மெஷின் கிடையாது. இருந்தது முதலாளி புதிதாக வாங்கிய ஒன்றுதான்.

நல்ல நேரம் பார்த்து அந்த மெஷினைத் திறந்தோம். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். புதுக் கணக்கு நோட்டு எதுவானாலும் முதல் பக்கத்தில் முதலாளி தன் கையால் 'உ' போட்ட பிறகுதான் கணக்குப்பிள்ளை தொட வேண்டும் என்பது அந்தக் கடை வழக்கம். கம்ப்யூட்டரும் கணக்கு நோட்டுதானே என்றார் மாமா. எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது, எனக்கும்தான். விண்டோஸில் தமிழ் எழுதும் வசதியை ஏற்படுத்தி, டி டிரைவில் ஒரு புது ஃபோல்டர் திறந்து, எந்த விசையை அழுத்த வேண்டும் என்று முதலாளிக்குக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அழுத்தினார். 'உ' என்ற பெயரில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் வந்து உட்கார்ந்தது.

"பாப்பா, இனிமே எது ஏத்துனாலும் இதுக்குள்ளயே ஏத்து," என்றார்.

லைப்ரரியின் மூல நிரலை அதற்குள் இறக்கிக் காம்பைல் செய்ய விட்டேன். அந்த மெஷினில் அது பாதி நாள் வேலை. கறுப்பு ஜன்னலில் வரி வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கரண்ட் போகும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கரண்ட் போனதில் ஏதாவது கோப்பு பாதியில் நின்றிருந்தால் அதைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இதை எல்லாம் பொறுத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்து, காம்பைல் ஆனதை எடுத்து உரிய இடத்தில் வைக்கிற கடைசிக் கட்டளையில், அப்படி ஓர் இடமே இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

திரும்பச் செய்தேன். அதே இடத்தில் நின்றது. லைப்ரரியின் பழைய பதிப்பை எடுத்துவந்து செய்தேன், அதுவும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் பாதி நாள் போய்க்கொண்டிருந்தது. கடையில் ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாமா தினம் சாயங்காலம் வந்து, "ஆச்சா?" என்பார். இல்லை என்றால் முதலாளியைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஒருநாள் கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டும்போது எனக்கு விஷயம் பிடிபட்டது. பிழைச் செய்தியில், 'உ' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அந்தக் கறுப்பு ஜன்னலில் தமிழ் எப்போதுமே சரியாகத் தெரியாது, அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் தெரிவதில் மட்டும் இல்லை கோளாறு. அந்தக் காம்பைலருக்குத் தமிழ் எழுத்தே புரியவில்லை. கேள்விக்குறி என்று பெயருள்ள ஒரு ஃபோல்டரை அது நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தது. அதுவரை ஃபோல்டருக்குள்ளேயே நின்று வேலை பார்த்ததால் பெயர் தேவைப்படவில்லை, கடைசிக் கட்டளைக்குத்தான் முழு முகவரியும் வேண்டியிருந்தது. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் முதல் ஆளாகக் கடைக்குப் போனேன். மாமாவையும் வரச் சொல்லியிருந்தேன். முதலாளியிடம் நிதானமாக விளக்கினேன். ஃபோல்டர் பெயரை இங்கிலீஷில் மாற்றினால் போதும், இன்றைக்கே முடிந்துவிடும் என்றேன்.

முதலாளி மாமாவைப் பார்த்தார். "என்னா சொல்லுது பாப்பா? புள்ளையார் சுழிய அழிக்கணுங்குதா?"

"அழிக்க வேணாங்க. அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல வேற ஒரு ஃபோல்டர் போட்டு அதுல ஏத்திக்கிறேன்."

"அப்ப நான் போட்டது எதுக்கு? சும்மா அழகுக்கா?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் நாலெழுத்து படித்தவர், சென்டர் நடத்துகிறவர், அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். அவருக்குப் புரிந்தது. புரிந்ததை முகத்திலேயே பார்த்தேன். ஆனால் முதலாளிக்கு இன்னும் இரண்டு கிளைகள் இருந்தன, இரண்டிலும் மெஷின் வாங்கப் போகிறார்.

"விடுங்க சார். சாமி மேல பழி போட்டா எப்படி?" என்றார் மாமா. "சில பேருக்குக் கைராசின்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு அது இல்ல. நான் வேற ஆளு வச்சு முடிச்சுத் தர்றேன்."

இதுக்கு. என்னை நேராகப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அழுதால் கைராசியோடு அதுவும் சேர்ந்துகொள்ளும் என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மாமா வைத்த வேறு ஆள் பாண்டிச்சேரிக்காரர். கேபிள் இழுத்து மெஷின்களை இணைக்கிற வேலை பார்ப்பவர். நல்ல மனிதர், அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்த மெஷின் எதற்குக் கெட்டாலும் அவருக்குத் தெரிந்த முதல் வைத்தியம் ஃபார்மட். இங்கேயும் வந்ததும் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்தார். முதலாளி போட்ட பிள்ளையார் சுழி அதோடு போனது. யாரும் மூச்சுவிடவில்லை. நான் பெயரை மாற்றக் கேட்டால் அது அழிப்பது, அவர் மொத்தத்தையும் துடைத்தால் அது சுத்தம் செய்வது.

பிறகு கடைப் பெயரை இங்கிலீஷில் வைத்து ஒரு ஃபோல்டர் போட்டார். நான் சென்டரில் எழுதி வைத்திருந்த கட்டளைகளை அப்படியே தட்டினார். என் லைப்ரரி, என் புரோகிராம், இரண்டும் அன்று சாயங்காலமே ஓடின. முதலாளி, சுழி எங்கே என்று கேட்டாராம். இவர் சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, சி.பி.யூ. பெட்டி மேல் பெரிதாக 'உ' போட்டாராம். முதலாளிக்கு ஏக சந்தோஷம். கணக்குப்பிள்ளை எனக்குப் போனில் இதைச் சொன்னார்.

பெட்டி மேல் எழுதலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

சிதம்பரம் பிராஞ்ச் அடுத்த தையில் திறந்தார்கள். இன்சார்ஜ் பாண்டிச்சேரிக்காரர், போர்டில் அவர் பெயர். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா காபி போட உள்ளே போனதும், என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதடி. நாளைக்கு நீ கொஞ்சம் லேட்டா வா. நல்ல நேரம் முடிஞ்சப்புறம் வந்தா போதும். அவுரு நேரா சொல்ல சங்கடப்படுறாரு."

"உனக்குச் சங்கடமா இல்லயா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மாமா சொன்னதை ஏதோ வியாபாரப் பேச்சு என்று நான் பாதி தள்ளியிருந்தேன். கூடப் பிறந்தவள் வந்து சொன்ன பிறகு தள்ள முடியவில்லை. மறுநாள் நான் போகவே இல்லை. அந்த மாதத்தோடு சென்டரையும் விட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தேன், இன்னமும் கல்யாணம் ஆகாததற்கு வீட்டில் அந்த ராசியையே காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

2012இல் மாமா போன் செய்தார். திட்டக்குடிக் கிளையில் புரோகிராமைப் போடப் போயிருக்கிறார்கள். அங்கே கொஞ்ச நாளாகவே ஒரு மெஷின் இருந்தது. முதலாளி அதை வாங்கிய அன்றைக்கே, நான் சொல்லிக் கொடுத்த அதே விசையை அழுத்தி, தன் கையாலேயே 'உ' என்று ஃபோல்டர் போட்டுவிட்டார். புதுக் கணக்கெல்லாம் அதற்குள்தான் போகவேண்டும் என்பது உத்தரவு. பாண்டிச்சேரிக்காரர் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டார், கடைசி அடியில் நின்றுபோகிறது. அந்த மெஷினில் வேறு கணக்குகளும் இருப்பதால் இந்தத் தடவை ஃபார்மட் பண்ணவும் வழியில்லை.

"நீ ஏதோ காரணம் சொன்னியே அப்ப, எனக்கு இப்ப சரியா ஞாபகம் இல்ல," என்றார் மாமா. குரல் தணிந்திருந்தது. "ஒரே ஒரு நட வந்து பாத்துட்டுப் போம்மா. ஆர்டரே போயிடும் போலருக்கு."

போகவேண்டிய தேவைகூட இல்லை. ஒரே வரியில் போனிலேயே சொல்லியிருக்கலாம், மார்க்கர் யோசனையையும் சேர்த்து. அந்த வரி நாக்கு நுனி வரை வந்தது.

"புதுசா ஆரம்பிக்கிற காரியம் மாமா," என்றேன். "நான் வந்தா நல்லாருக்காது. அக்காவைக் கேளுங்க."

அவர் போனை வைத்தார். நான் பரீட்சைக்குக் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். தாளின் உச்சியில் என் கை ஏற்கெனவே ஓர் 'உ' போட்டு வைத்திருந்தது. அதற்குக் கீழே முதல் கேள்வியை எழுதினேன்.