ஒரு கட்டுரை சேர்த்ததில் போன நான்கு நாள்

நான்கு நாள் கையால் திருத்திய பட்டியல் ஒரே நொடியில் எங்கே போகும்? ஒரு தட்டச்சுக் கடையில் நடந்ததைக் கேள்விப்படும்வரை எனக்கும் தெரியாது.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருப்பவரை மாணவர்கள் ‘புள்ளியக்கா’ என்பார்கள். நானூறு பக்க ஆய்வேட்டில் ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஓர் ஏட்டுக்கு ஒரே கோப்பு என்பது அவர் கொள்கை. “ரெண்டு பிரதி வச்சா தப்பானதுதான் முதல்ல கையில வரும்” என்பார்.

ஒரு திங்கட்கிழமை ஓர் ஆய்வு மாணவி தன் மடிக்கணினியோடு வந்தாள். துணைநூற்பட்டியலை அவளுக்கு ஒரு மென்பொருளே தயாரித்துக் கொடுத்திருந்தது. இணையத்திலிருந்து விவரங்களை அப்படியே இழுத்துச் சேமித்ததில், ஆண்டும் பெயரும் இடம் மாறிக் கிடந்தன. பட்டியல் சரியாகாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார் நெறியாளர். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஏடு பல்கலைக்கழக அலுவலகம் போய்ச் சேராவிட்டால் அவளுக்கு ஓராண்டு வீண்.

“சாஃப்ட்வேருக்கு என்னம்மா தெரியும்? நான் இருக்கேன்ல” என்ற அக்கா, ஏட்டின் கடைசிப் பக்கங்களில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஒவ்வொரு நூலாகத் தேடிச் சரிபார்த்து, நான்கு நாள் கண் பூத்துப்போகத் திருத்தினார். வெள்ளி பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது.

“ஒரே ஒரு கட்டுரை விட்டுப்போச்சுக்கா, சேர்த்துட்டுத் தரேன்” என்றாள் மாணவி. சேர்த்தாள், சேமித்தாள், மூடிக் கொடுத்தாள்.

அச்சில் வந்த தாளை அக்கா முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் பார்த்தார். பழைய பிழைகள் அத்தனையும் வரிசை கலையாமல் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

“என்னம்மா பண்ணின?”

“ஒண்ணும் பண்ணலக்கா. புதுசா ஒண்ணு சேர்த்தா, அது தனக்குள்ள சேமிச்சு வச்சிருக்கிற விவரத்துலேருந்து மொத்தப் பட்டியலையும் மறுபடி எழுதிக்கும். நீங்க சாஃப்ட்வேருக்கு உள்ள போய்த்தானே திருத்தினீங்க?”

“உள்ளன்னு ஒண்ணு இருக்கா?”

அக்காவின் கொள்கைப்படி ஏட்டுக்கு இருந்தது அந்த ஒரே கோப்பு. வேறு பிரதியும் இல்லை.

அக்கா மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார். மாணவி பக்கத்தில் உட்கார்ந்து, சரிபார்த்தபோது குறித்து வைத்த விவரங்களைப் படித்துக் கொடுத்தாள். நாலே முக்காலுக்கு நூற்று நாற்பதாவது வரி. அச்செடுத்து நூலாகக் கட்ட மட்டுமே அரை மணி வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியாதா? இருந்தும் விரல் நிற்கவில்லை.

“விடுங்கக்கா.”

“இன்னும் பத்து வரிம்மா.”

“இன்னும் நூத்தி எழுபது இருக்குக்கா.”

மாணவி அவர் விரல்களை விசைப்பலகையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். எதிரே ஐந்து மணிக்கு அலுவலகக் கதவைச் சாத்துவது கடையிலிருந்தே தெரிந்தது.

ஆய்வேடு எழுதுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பட்டியலை மென்பொருளுக்குள்ளேயே திருத்தி, வேறொரு பிரதியும் வைத்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லுங்கள். அவருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவரிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.