மெதுவா மாஸ்டரின் நெஞ்சுப் பட்டை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே மெதுவா மாஸ்டர் ஆகிவிட்டார். ஊரில் பாதிப்பேர் அவரிடம் கற்றவர்கள். மனைவிக்கு மட்டும் கற்றுத்தரவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம், "உனக்குச் சொல்லிக்குடுத்தா வண்டியும் உருப்படாது, குடும்பமும் உருப்படாது" என்று நழுவிவிடுவார்.

ஒருநாள் பாடம் எடுக்கும்போதே தலை கிர்ரென்று சுற்றியது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. "அது வர்ற நேரத்துல பிடிக்கணும்" என்று டாக்டர் அவர் நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டிவிட்டார். அது துடிப்பைச் செல்போன் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். அங்கே ஒரு டெக்னீஷியன் பெண் திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். கோளாறு பிடிபடும்வரை வண்டி ஓட்டவே கூடாது என்றும் டாக்டர் சொன்னார்.

மாஸ்டருக்கு அந்தப் பட்டை நல்ல சாக்காகப் போயிற்று. ஒட்டடை அடிக்கச் சொன்னால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.

"அங்க ஒரு பொண்ணு பாத்துக்கிட்டிருக்கு. நீ சத்தம் போட்டா கோடு எகிறும். எனக்குத்தான் அசிங்கம்."

மனைவி அவர் நெஞ்சருகே குனிந்தாள். "ஏம்மா, இவரோட சோம்பேறித்தனம் அந்தக் கோட்டுல தெரியுதா?"

"அதுக்குக் காது கிடையாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டுக்குக் கிளம்பினார்கள். "பக்கத்துலதானே" என்று மாஸ்டரே பயிற்சிக் காரை எடுத்தார். சிக்னலைத் தாண்டியதும் போன் அடித்தது. மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், இப்ப என்ன பண்றீங்க?" டெக்னீஷியனின் குரல்.

"வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்மா."

"ஐயோ! ஓரமா நிறுத்துங்க. இப்பதான் உங்க இதயம் சில நொடி நின்னுட்டுத் துடிச்சிருக்கு. உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

"கண்ணு லேசா இருட்டுச்சு. பசின்னு நெனச்சேன்."

நிறுத்திவிட்டார். எங்கே நிற்கிறோம் என்று சொன்னார். ஆம்புலன்ஸ் நெரிசலில் மாட்டியிருக்கிறது, ஆஸ்பத்திரியோ இரண்டு தெரு தள்ளித்தான், கூட ஓட்டத் தெரிந்தவர் உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நான் ஓட்டுவேன்" என்றாள் மனைவி. கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள்.

மாஸ்டர் வாயைப் பிளந்தார். "யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்ல."

"அவன்கிட்டயா?"

"அவர் எரிஞ்சு விழாம சொல்லிக்குடுத்தாரு. இறங்கி இந்தப் பக்கம் வாங்க."

கார் நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் குலுங்கி நின்றது.

"என்னங்க, பிரேக்குலேர்ந்து காலை எடுங்க!"

"சார், காலை எடுங்க!" என்றது போன்.

மாஸ்டர் இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி மடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். மனைவி ஒரு லாரியைச் சுற்றி, ஒரு வண்டிக்காரனைத் திட்டி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அன்றே பேஸ்மேக்கர் வைத்தார்கள். மறுநாள் டாக்டர் துடிப்பின் கோட்டைக் காட்டினார். மாஸ்டர் நிம்மதியாக ஓட்டிவந்த வழியில் நடுநடுவே இடைவெளி இருந்தது. மனைவி ஓட்டிய வழி முழுக்க ஒரு துடிப்புகூடத் தப்பவில்லை.

"பாத்தீங்களா!" என்றாள் அவள்.

"எனக்கு இருந்த பயத்துல அதுக்கு நிக்கவே தோணலை."

சிரித்துக்கொண்டே டாக்டர் வெளியே போனார். மாஸ்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

உடம்பு தேறியதும் எதிர்த்தெருக்காரருக்கு நன்றி சொல்லப் போனார். நன்றிதான் சொல்ல நினைத்தார். வாயில் வந்ததென்னவோ, "பார்க்கிங் மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லிக்குடுத்திருக்கலாம்" என்பதுதான். எதிர்த்தெருக்காரர் பதிலுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பார்க்கிங்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இருவரும் அன்று மத்தியானம் வரை சண்டை போட்டார்கள்.