எல்லா இலைக்கும் போட்ட பிறகு

காப்பகம் என்று சொல்லிக்கொள்வதே கொஞ்சம் பெருமையடிப்பதுதான். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால், ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட பழைய தோட்டத்தின் ஓரத்தில் நான்கு லயத்து வீடுகள், சுற்றிக் கம்பி வேலி. உள்ளே நான், என் கணவர், இருபத்துச் சொச்சம் நாய்கள். வாரத்துக்கு ஒருவராவது குட்டிகளைப் பெட்டியில் போட்டு கேட் முன்னால் வைத்துவிட்டு மோட்டாரில் பறந்துவிடுவார். புண்ணியம் அவருக்கு, கழுவுகிற வேலை எனக்கு.

குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். நாய்க்கொரு மங்கு என்று இத்தனை கிண்ணங்களை யார் கழுவுவது? பின்னால் வாழை நிறைய நின்றதால் இலையில் போட ஆரம்பித்தோம். முதல் இலையில் சோறு விழுந்ததுமே ஆறு நாய்கள் அதன்மேல் பாயும். விலக்கப் போய் என் கையில் தையல் போட்டதும் உண்டு. கணவர் பிடிவாதக்காரர். மூன்று மாதம் நின்று பழக்கினார். கடைசி இலைக்கும் சோறு விழும்வரை யாரும் வாய் வைக்கக் கூடாது. பந்திக்கு முந்து என்பதெல்லாம் எங்களிடம் செல்லாது, முந்தினால் இலை போய்விடும்.

அந்தப் பந்தியில் ஒருத்தி, புந்தோங் சாக்கடையில் எடுத்த கறுப்பு நாய். எட்டு வயது இருக்கும், ஒரு காது பாதிதான். பார்க்க வருகிறவர்கள் அவளைத் தாண்டிக் குட்டிகளிடம் போய்விடுவார்கள். அவளைத்தான் வேண்டும் என்று கேட்டவர் ஒரே ஒருவர், குனோங் ராபாட்டில் தனியாக இருக்கும், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"மூணு நாளா வாயே வெக்கல லா. ஈரல் வாங்கி அவிச்சிப் போட்டேன். மங்கப் பாக்குது, என்னப் பாக்குது, படுத்துக்குது. என் வீட்ல செத்துகித்து வெக்கப்போவுது. வந்து தூக்கிட்டுப் போயிரு மா."

எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். கூண்டைக் காரில் ஏற்றி, அக்காவைத் திட்ட வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். திட்டுக்குக் கீழே பயம் இருந்தது. இந்த வீடும் போனால் அவளுக்கு வேறு வீடு கிடையாது.

சமையலறையில் மங்கு நிறையச் சோறும் ஈரலும். பக்கத்தில் அவள், எச்சில் ஒழுக. பசி இல்லாத நாய் சோற்றைப் பார்த்து இப்படி எச்சில் விடாது. கண் மட்டும் வெறும் தரையைத் துழாவியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற இலைகளைத் தேடுகிறாள். மூன்று நாளாகப் பந்தி முடியக் காத்திருக்கிறாள். இதை அக்காவிடம் சொல்லாமல் அனுப்பிய புத்திசாலி நான்தான்.

"அக்கா, நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"

"நானா? ஒராளுக்கு என்னா லா சமைக்கிறது. ரெண்டு பிஸ்கட்ட தேத்தண்ணில நனைச்சி, நின்னுக்கிட்டே முடிச்சிருவேன்."

பக்கத்து வீட்டு வாழையில் கேட்காமலே இலை நறுக்கி வந்தேன். நெத்திலிக் குழம்பு வைக்க அக்காவுக்கு அரை மணி நேரம் ஆனது. தரையில் இரண்டு இலை. நாயின் இலையில் சோற்றையும் ஈரலையும் போட்டேன், அசையவில்லை. அக்காவின் இலையில் சோறு விழுந்தது. அக்கா கை வைப்பதற்குள் அவள் இலை காலி.

அக்கா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"வூட்டுக்காரரு போனதுலேர்ந்து, நான் சாப்பிடணும்னு யாரும் காத்திருந்ததில்ல மா."

எழுந்து, காரில் திரும்ப ஏற்ற, வாசலில் வைத்திருந்த வெறும் கூண்டைத் தூக்கினேன்.

"அத எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்றார், போன் செய்தது வேறு யாரோ என்பதுபோல. "நீயும் சாப்பிட்டிருக்க மாட்ட. உக்காரு."

உட்கார்ந்தேன். எனக்கொரு இலை போட்டு, அவளுக்கு முதலில் இன்னொரு கை சோறு வைத்தார். அவள் தொடவில்லை. என் வெறும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் போடுங்கக்கா," என்றேன். "அவளுக்குப் பசிக்குது."