வளையலும் காபாவும்

எட்டாம் மாதத்தில், மயிலாப்பூரில் மாமியார் வீட்டில் எனக்கு வளைகாப்பு. "கொழந்தை வளையல் சத்தத்தைக் கேட்டுண்டே வளரணும். பிரசவம் வரைக்கும் கழட்டப்படாது. நீ சாந்தமா இருந்தாத்தான் அதுவும் சாந்தமா இருக்கும்" என்றார் மாமியார்.

என் வாய் சும்மா இருக்குமா? அடையாறில் ஓர் ஆய்வகத்தில் எலிக்குட்டிகளின் மூளையை ஆராய்வது என் பிழைப்பு. காபா என்ற ரசாயனம் மூளைச் செல்லின் ஏற்பியில் போய் ஒட்டினால், நமக்கெல்லாம் அந்தச் செல் அடங்கும். வளரும் மூளையில் அதே காபா, அதே ஏற்பி, ஆனால் செல் துள்ளும். உள்ளே இருக்கும் உப்பின் அளவு வேறு. அந்தத் துள்ளலில்தான் செல்கள் ஒன்றோடொன்று இணையப் பழகுகின்றன. "சாந்தமெல்லாம் அதுக்கு அப்புறந்தாம்மா" என்று, கன்னத்தில் சந்தனத்தோடு, பந்தியில் பாதிப் பேருக்குப் பாடமே எடுத்துவிட்டேன். மாமியார் என் இலையில் இன்னொரு கரண்டி புளியோதரை வைத்தார்.

மறுநாளே வளையல்களைக் கழற்றி ஆய்வக இழுப்பறையில் போட்டேன். அவற்றோடு கையுறை மாட்ட முடியாது.

நான்காம் நாள் காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. அத்தனை சாந்தம். ஃபோனில் டாக்டர் "உடனே வாங்க" என்றதும், எதற்கென்று யோசிக்காமலே இழுப்பறையிலிருந்து வளையல்களை அள்ளிக்கொண்டு தி. நகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வயிற்றருகே கையைக் குலுக்கியபடி இருந்தேன்.

கண்ணாடியில் பார்த்த டிரைவர், "இன்னாமா, வளகாப்புலேர்ந்து நேரா வர்றியா?" என்றார்.

"கொழந்தை அசையலைங்க."

"நீ ஆட்டிக்கினே இரும்மா" என்றவர், எதிரே வண்டி இல்லாத இடத்திலும் விடாமல் ஹாரன் அடித்தார். சைதாப்பேட்டை பாலத்தில் என் விலாவில் ஓர் உதை விழுந்தது. வாய்விட்டு அழுதேன்.

ஸ்கேனில் எல்லாம் சரி. "தூங்கியிருக்கும்" என்றார் டாக்டர். வாசலிலேயே காத்திருந்த டிரைவர், தன் ஹாரன்தான் என்றார். மாமியாருக்கு வளையலைத் தவிர வேறு காரணமே கிடையாது.

இரண்டு காரணங்களைக் கலந்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது என்று மாணவர்களைத் திட்டுபவள் நான். பிரித்துப் பார்ப்பதும் எளிதுதான். வளையலைக் கழற்றிவிட்டு ஒரு நாள் காத்திருந்தால் போதும்.

எலிகளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பிரசவம் வரை வளையலோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன்.