அரைப்பேர்

விடுதிக்குப் போன முதல் நாளே என் மானம் போனது. போக்கியது வேறு யாருமில்லை, என் வாய்தான்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் தேயிலைத் தோட்டம் நிவித்திகலப் பக்கம். தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்பதோடு சரி. மேலே படிக்க இரத்தினபுரி டவுனுக்குத்தான் வரவேண்டும். ஜனவரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து போய்க்கொண்டிருந்தேன். முதல் பாடம் கணிதம். நான் வகுப்புக்குள் நுழையும்போது பெரும்பாலும் இரண்டாவது பாடம் தொடங்கியிருக்கும். இரண்டாம் தவணையில் கணிதத்துக்கு இருபத்திரண்டு புள்ளி வாங்கினேன். அந்த இருபத்திரண்டைக் காட்டித்தான் அம்மா விடுதியில் இடம் கேட்டாள். அதே இருபத்திரண்டைக் காட்டித்தான் மேட்ரன் மிஸ் இடம் தர யோசித்தார்.

செப்டெம்பரில், மூன்றாம் தவணை தொடங்கியபோது, விடுதியில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதைக் கேட்டு நான்கு பிள்ளைகள் காத்திருந்தோம். தூரத்திலிருந்து வருகிறவள் என்பதால் முதலில் எனக்குக் கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. மாதக் கடைசியில் நடக்கும் பரீட்சையில் கணிதத்துக்கு ஐம்பது எடுக்க வேண்டும். எடுத்தால் கட்டில் எனக்கு. எடுக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், கட்டில் அடுத்த பிள்ளைக்கு.

திரும்பவும் பஸ்ஸில் போய் வந்தால் அடுத்த வருடம் வரும் சாதாரண தரப் பரீட்சையில் பாஸாக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஃபெயிலான அக்காமார் எங்கே போனார்கள் என்றும் தெரியும். கொழும்பில் கடைக்கு, வீட்டு வேலைக்கு, கார்மென்ட்டுக்கு. போனவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்குப் போக விருப்பமில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். பின்னேரம் படிப்பு மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வைத்து மேட்ரன் பதிவுப் புத்தகத்தை விரித்தார். அவர் வவுனியாக்காரர். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கேள்வி கேட்பார்.

"அம்மா என்ன வேலை?"

"கொழுந்து எடுக்கிறாங்க மிஸ்."

"முழுப்பேர்?"

நான் நிமிர்ந்து நின்று பெருமையாகச் சொன்னேன். "எப்பவும் முழுப்பேருதாங்க மிஸ். போன மாசம் காய்ச்சல்ல மட்டும் ரெண்டு நாளு அரைப்பேரு விழுந்திருச்சு."

மேட்ரன் பேனையைக் கீழே வைத்தார். "என்ன பிள்ளை சொல்லுறீர்? நான் உம்மட பேரைத்தான் கேட்டனான்."

மண்டபமே சிரித்தது. மற்றவர்கள் சிரித்ததுகூடப் பரவாயில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது தோட்டத்துப் பிள்ளைகள் சிரித்ததில்தான். விளங்கிச் சிரித்தவர்கள் அவர்கள் மட்டும்தானே.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்துப் பேர் போடுவார். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். வேலைக்கே போகாவிட்டால் பேர் இல்லை. எங்கள் அம்மாவுக்குப் பேர் விடுவது ஆகாது. இடுப்பு வலி, காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம், எதுவானாலும் முதலில் பேர், பிறகுதான் மற்றது. என்னுடைய ஐந்தாம் வகுப்புப் பரிசளிப்புக்குக்கூட அவள் வரவில்லை. அன்றைக்குக் கொழுந்து நிறைய என்றாள். எனக்கு அந்தக் கோபம் பல வருடம் இருந்தது.

என் பெயரை மேட்ரன் பென்சிலால் எழுதினார். மற்றவர்கள் எல்லோரும் பேனை. பரீட்சை முடிந்ததும் அழிக்க வசதியாக இருக்கும் அல்லவா.

அடுத்த கட்டில்காரி குருவிட்டையைச் சேர்ந்தவள். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே பிடவைக் கடை. அன்று இரவுச் சாப்பாட்டு வரிசையில் என் தோளைச் சுரண்டி, "அரைப்பேர் எண்டா என்ன புள்ள? எனக்கு ஒண்டும் வெளங்கல்ல" என்று கேட்டாள். சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. மறுநாள் காலையில் பல் துலக்கும் இடத்தில் என் பெயர் 'அரைப்பேர்' ஆகியிருந்தது. சமையலறையில் இருந்த சிங்கள அக்கா விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, தன் பங்குக்கு 'பாகே' என்று மொழிபெயர்த்துவிட்டார். சிங்களத்தில் 'பாதி'. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டாரே தவிர, சம்பலை ஒரு நாளும் பாதியாக வைத்ததில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. காலை ஐந்தரைக்கு மணி அடித்து, வரிசையில் நிறுத்தி எண்ணுவார்களே, அதற்கு 'பெரட்டு' என்று பெயர் வைத்தேன். "எந்திரிங்கடி, பெரட்டுக்கு நேரமாச்சு!" என்று கத்துவேன். ஒரு வாரத்தில் மொத்த விடுதியும் பெரட்டு என்றுதான் சொன்னது. மேட்ரன் மட்டும் அது என்னவென்று தெரியாமல், ஏதோ கெட்ட வார்த்தை என்று இரண்டு நாள் சந்தேகப்பட்டார்.

அந்த மாதம் முழுக்கப் பின்னேரம் இரண்டு மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு இடி மழை. கழுவிய வெள்ளைச் சட்டை மூன்று நாளாகியும் காயாது. ஈரச் சட்டையை மெத்தைக்கு அடியில் விரித்து அதன்மேல் படுத்து, காலையில் அதையே போட்டுக்கொண்டு போவோம். காலுறைகளின் நாற்றத்தைப் பற்றி எழுதாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வாளிகளை வரிசையாக வைத்து இடம் பிடிப்பதில் தினமும் சண்டை. அந்தச் சண்டையில் நான் ஒரு நாளும் தோற்றதில்லை.

கணிதத்தில்தான் தோற்றுக்கொண்டிருந்தேன். சமன்பாடு என்று பலகையில் எழுதினாலே எனக்குத் தலை சுற்றும். எனக்கு விடியலில் எழும்புவது பழக்கம், அம்மா அடுப்பு மூட்டும் நேரம் அது. பெரட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பி, சமையலறை பெஞ்சில் போய் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். குருவிட்டைக்காரியையும் போர்வையை இழுத்து எழுப்பிவிடுவேன். கணிதத்தில் அவள்தான் வகுப்பில் முதல். "உனக்குப் பைத்தியம்டி அரைப்பேர்" என்று திட்டிக்கொண்டே வருவாள்.

அவள் துணி முழத்தை வைத்து விளக்குவாள். எனக்கு ஏறாது. ஒரு நாள் அவளே வெறுத்துப்போய், "சரி, உனக்கு என்னதான் தெரியும், அதச் சொல்லு" என்றாள்.

"கொழுந்து நிறுக்கத் தெரியும்."

"அப்ப அதச் சொல்லு."

சொன்னேன். தராசில் பதினெட்டு கிலோ காட்டும். சாக்குக்கு ஒன்று கழிப்பார்கள். மழை நாளில் தண்ணீருக்கு என்று இன்னும் இரண்டு. புத்தகத்தில் பதினைந்து விழும். புத்தகத்தில் பதினைந்து விழுந்தால் கூடையில் எவ்வளவு இருந்தது என்று சின்ன வயதிலிருந்தே மனதால் போட்டுவிடுவேன். கழித்தது சரியா என்று அம்மா என்னைத்தான் கேட்பாள்.

அவள் கொப்பியை இழுத்து, கூடையில் இருந்ததற்கு x என்று எழுதி, மூன்றைக் கழித்து, சமன் பதினைந்து என்று போட்டு என் முன்னால் தள்ளினாள். "இதுதான்டி சமன்பாடு. இத்தின நாளா இதுக்கா அழுதாய்?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அன்றிலிருந்து x வரும் இடத்திலெல்லாம் ஒரு கூடையை வைத்தேன். எல்லாக் கணக்கும் அப்படி அடங்கிவிடவில்லை. வட்டமும் முக்கோணமுமாக வரும் கேத்திரகணிதத்துக்கு எந்தக் கூடையும் உதவாது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன்.

மாதக் கடைசிப் பரீட்சையில் நாற்பத்துமூன்று வந்தது.

இருபத்திரண்டிலிருந்து நாற்பத்துமூன்று. வேறு யாருக்காவது அது சந்தோஷமாக இருந்திருக்கும். நான் வகுப்பறைக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன். பிறகு முகம் கழுவி, அழுத தடம் போகும்வரை காத்திருந்து, மேட்ரனின் அறைக்குப் போனேன். மேசையில் பதிவுப் புத்தகம் விரிந்திருந்தது. பக்கத்திலேயே அழிறப்பர்.

"பிள்ளை, நீர் முயற்சி செய்தனீர், எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா வெளியில மூண்டு பிள்ளையள் நிக்குதுகள். நான் என்ன செய்ய?"

நான் கெஞ்சக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். "மிஸ், எங்க தோட்டத்துல கிலோ கொறைஞ்சா அரைப்பேரு போடுவாங்க. ஆள நிறுத்த மாட்டாங்க. அடுத்த நாளு பெரட்டுக்குப் போய் நின்னா மறுபடியும் பேரு உண்டு. நான் ஐம்பது எடுக்கல, உண்மைதான். முழுப்பேரு கேக்கல. அரைப்பேரு போடுங்க. அடுத்த பரீட்ச வரைக்கும் நிக்கிறேன். அதுலயும் கொறைஞ்சா நீங்க சொல்ல வேணாம், நானே பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன்."

குரல் நடுங்கவில்லை, அதுதான் முக்கியம்.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதானா பிள்ளை அந்த அரைப்பேர்?" என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கு முதல் நாள் கதை முழுதாக விளங்கியது. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பென்சிலை எடுத்தார். பிறகு, "அதை எப்படி எழுதுறவை?" என்றார்.

"ஒண்ணு போட்டு, கோடு கிழிச்சு, கீழ ரெண்டுங்க மிஸ்."

பென்சிலால் எழுதிய என் பெயருக்குப் பக்கத்தில் ½ என்று எழுதினார். அழிறப்பரை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

ஒக்டோபர் பரீட்சையில் அறுபத்துநான்கு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழும்பினேன், போட்டேன், வந்தது. குருவிட்டைக்காரிதான் என்னைவிட அதிகமாகக் குதித்தாள். சமையலறை அக்கா இனிமேல் பாகே என்று கூப்பிடலாமா என்று கவலைப்பட்டார். கூப்பிடுங்கள் என்றேன். பழகிவிட்டது.

கட்டிலை எனக்கே தருவதென்றால் பெற்றோர் வந்து கையெழுத்திட வேண்டும், அலுவலகம் திறந்திருக்கும் நாளில். ஒரு செவ்வாய்க்கிழமை என்றார்கள். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பாக்கலாம்" என்றாள். அம்மாவின் 'பாக்கலாம்' எனக்குத் தெரியும். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் வகுப்புப் பரிசளிப்பின் கோபத்தை அப்படியே தூசி தட்டி எடுத்து வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனேன். அம்மா நின்றிருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் சேலை. அதன் கரையில் பாதி மழையில் நனைந்திருந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

மேட்ரன் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். என் பெயர் இப்போது பேனையால் எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் பெற்றோரின் பெயருக்கு ஒரு வெற்றுக் கோடு, அதன் கீழே கையெழுத்துக்கு இன்னொன்று.

"அம்மா, இதில முழுப்பேர்..." என்று கோட்டைக் காட்டினார்.

அம்மா லேசாகச் சிரித்தாள். "இன்னைக்குப் பேரே இல்லைங்க மிஸ். காலைல கொழுந்து நல்லாத்தான் இருந்துச்சு. பெரட்டுக்குப் போகாம வந்துட்டேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மேட்ரன் திருத்தவும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கையிலிருந்த பேனையை வாங்கி, அந்தக் கோட்டில் அம்மாவின் பெயரை, முதலெழுத்தோடு, முழுதாக எழுதினேன்.