நீர் மாத்திரையும் பெரம்பலூர் பஸ்ஸும்

இதயத்துக்கு பலம் பத்தலைன்னு டாக்டர் எனக்குக் கொடுத்ததுல ஒண்ணு நீர் மாத்திரை. உடம்புல கட்டுற தண்ணியை இறக்குமாம். காலையில அதைப் போட்டா மத்தியானம் வரைக்கும் எனக்கு கக்கூஸ்தான் ஆபீஸு. வூட்ல இருந்தா பரவாயில்லை. நான் இருக்கிறது ரெட்டிபாளையம், ஆஸ்பத்திரி இருக்கிறது பெரம்பலூர். கக்கூஸ் இருக்கிற ரயில்ல போகலாம்னா, அந்த ஊருக்கு ரயிலும் கிடையாது. அரியலூர் போய் பஸ் மாறணும். நடுவுல சிமெண்ட் லாரி வரிசை கட்டி நின்னா பஸ் நகராது. ஆம்பளைன்னா இறங்கி ஒரு கருவேல மரத்தைப் பார்த்துக்குவான். நான் எந்த மரத்தைப் பார்க்கிறது?

அதனால பஸ் ஏறுற அன்னைக்கு மாத்திரைக்கு லீவு. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாத்துக்கும் பஸ்தான். ஆவணி மாசம் பூரா மாத்திரை அட்டை அப்படியே கிடந்துச்சு. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டும். சுவத்துல தலகாணி வச்சு, உட்கார்ந்தபடியே தூங்கினேன். செத்துப்போயிடுவேனோன்னு நிஜமாவே பயந்துட்டேன்.

டாக்டருக்கு என் மகன் வயசுதான் இருக்கும். காலை அமுக்கிப் பார்த்துட்டு, "மாத்திரை கேக்கலையேம்மா, இனிமே ரெண்டா போடுங்க"ன்னாரு. ஐயோ சாமி! எனக்கு வந்துச்சே கோவம்.

"நீங்க பாட்டுக்கு எழுதுவீங்க சார். நடுரோட்டுல அவசரமா வந்தா, நீங்களா வந்து பஸ்ஸை நிறுத்துவீங்க?"

நர்சம்மா வாயைப் பொத்திக்கிட்டு திரும்பிக்கிச்சு. எங்க வூட்டுக்காரரு ஃபேனைப் பார்த்தாரு.

டாக்டர் பேனாவை வச்சுட்டாரு. "வெளியே போற அன்னைக்கு, வீட்டுக்குத் திரும்பினதும் போட்டுக்கங்கம்மா. ஒண்ணே போதும். ஆனா ஒரு நாளும் விடாதீங்க."

அவ்வளவுதானா! "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?"ன்னேன்.

"நீங்க கேக்கவே இல்லையேம்மா"ன்னாரு. வயசுப் பையன்கிட்ட கேக்கிற கேள்வியா அது?

அன்னையிலேர்ந்து விடாம போட்டேன். காலு வத்துச்சு. அத்தனை நாளா உட்கார்ந்தே தூங்கினவ, ஒரு மத்தியானம் சோறு தின்னுட்டு, என்னையறியாம கட்டில்ல மல்லாந்து படுத்துட்டேன். நல்ல தூக்கம். கடைக்குப் போயிட்டு வந்த வூட்டுக்காரரு, "ஐயோ, போயிட்டாளே!"ன்னு போட்ட சத்தத்துல தெருவே திரண்டுடுச்சு. பக்கத்து வூட்டுக்காரி ஒப்பாரியே ஆரம்பிச்சுட்டா.

"ஏன்யா, மனுஷி படுத்துத் தூங்கக்கூடாதா?"ன்னு எந்திரிச்சு வைதேன்.

வந்தவங்க சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க. அவரு மட்டும் கட்டில் ஓரத்துல உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாரு. அழுது முடிச்சு, மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "இன்னொரு தடவை படுடி, பாக்கிறேன்"ன்னாரு.

படுத்தேன்.